காலி சீட்டுக்கு ஒலித்த பெல்ட் மணி: நீடாமங்கலம் பக்கத்து ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை பற்றிய மதிப்புரை

பழுதை நீக்கக் கூலி வாங்கும் கார் பட்டறைகளுக்குத் தஞ்சை, திருவாரூர் வட்டாரத்தில் பஞ்சமில்லை. பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதையே தனி வேலையாக எடுத்துக்கொண்டு, அதற்கு இவ்வளவு கட்டணம் என்று முதலிலேயே சொல்லி, அந்த வேலையை வண்டிக்காரர் கண்முன்னேயே செய்துகாட்டும் பட்டறைதான் அரிது. நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையில், தகரக் கூரையும் வண்டிக்கு அடியில் இறங்கிப் பார்க்க ஒரு குழியும் மட்டுமே கொண்ட சிறிய ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை ஒன்று அந்த அரிய வகையைச் சேர்ந்தது. எங்கள் காரின் முன் இடதுபக்க இருக்கையில் ஆள் இருப்பதை உணரும் சென்சார் கெட்டுவிட்டது என்று வேறோர் இடத்தில் முடிவுகட்டியிருந்த நிலையில் அங்கே போனேன். சென்சார் கெடவே இல்லை என்பதை அளந்து காட்டி, உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்து, அதைச் சரிசெய்தும் கொடுத்தார்கள். புதிய கார் வைத்திருக்கும் பலருக்கும் இதே பழுது வரக்கூடும் என்பதால், அவர்கள் செய்தவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அறிகுறி இதுதான். பக்கத்து இருக்கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் நான் மட்டும் ஓட்டிச் செல்லும்போது, மீட்டர் போர்டில் சீட் பெல்ட் விளக்கு எரிந்து மணி ஒலிக்கத் தொடங்கும். சிறிது நேரத்தில் தானாக நின்று, மறுபடியும் ஒலிக்கும். வெறும் இருக்கையின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினால் மணி அடங்கிவிடும். இப்படியே போய்க்கொண்டிருந்ததில், ஒரு கட்டத்தில் ஏர்பேக் விளக்கும் எரியத் தொடங்கி அணையாமல் நின்றுவிட்டது. மணிச் சத்தத்தை ஒருவர் பொறுத்துக்கொள்ளலாம். ஏர்பேக் விளக்கைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையவில்லை என்றால், ஏர்பேக்குகளை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி தன் சுற்றில் எங்கோ கோளாறு இருப்பதாகப் பதிந்துவைத்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் விபத்து நேர்ந்தால் ஏர்பேக் உரிய விதத்தில் விரியும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இந்த விளக்கை ‘சும்மா எரிகிறது’ என்று சொல்லி மாதக்கணக்கில் ஓட்டுபவர்களை நம் பக்கத்தில் நிறையவே பார்க்கிறேன். அவர்களில் பலர் முன் இருக்கையில் மனைவியையோ வயதான தாயையோ உட்காரவைத்துத்தான் ஓட்டுகிறார்கள் என்பதை நினைக்கையில் மனம் பதறுகிறது.

இந்தச் சென்சார் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால், பட்டறையில் நடந்ததைப் புரிந்துகொள்வது எளிது. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாரிக்கப்படும் கார்களில், ஏஐஎஸ் 145 என்ற தரவிதியின்படி, ஓட்டுநருக்கும் அவர் பக்கத்தில் அமர்பவருக்கும் சீட் பெல்ட் நினைவூட்டல் கட்டாயம். ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருப்பதை வண்டி ஓடுவதை வைத்தே தெரிந்துகொள்ளலாம். பக்கத்து இருக்கைக்கு அப்படிச் செய்ய முடியாது என்பதால் அங்கே ஒரு சென்சார் தேவைப்படுகிறது. பெரும்பாலான நம் ஊர்க் கார்களில் அது மெத்தையின் நுரைக்கும் மேல்துணிக்கும் இடையே வைத்த மெல்லிய பிளாஸ்டிக் படலம்தான். இரண்டு படலங்களில் மின்சாரம் கடத்தும் மசியால் தடங்கள் அச்சிட்டு, நடுவே நூலிழை இடைவெளி விட்டு ஒட்டியிருப்பார்கள். ஆள் உட்கார்ந்தால் படலங்கள் ஒன்றோடொன்று தொட்டு, சுற்றின் மின்தடை மாறும். அந்த மாற்றத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டி படித்து, ஆள் இருக்கிறார், பெல்ட் மாட்டவில்லை, மணி அடி என்று முடிவெடுக்கிறது. சில வகைகளில், இருக்கை காலியாக இருக்கும்போதும் ஒரு குறிப்பிட்ட மின்தடை தெரியும்படி வைத்திருப்பார்கள். அப்போதுதான் காலி இருக்கைக்கும் அறுந்துபோன ஒயருக்கும் உள்ள வேறுபாடு பெட்டிக்குத் தெரியும். எங்கள் காரில் இருப்பது இந்த வகை. அதன் ஒயர் ஏர்பேக் பெட்டிக்கே போவதால்தான் ஏர்பேக் விளக்கும் எரிந்திருக்கிறது.

பட்டறைக்குப் போவதற்கு முன் கேட்ட பதில்களையும் சொல்லிவிடுகிறேன். வண்டி நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையம் ஒன்றில், கட்டுப்பாட்டுப் பெட்டி பதிந்துவைத்த பழுதைப் படிக்கும் ஸ்கேனர் கருவியைச் செருகி, ‘முன் பயணி இருக்கை சென்சார்’ என்ற வரியைத் திரையில் காட்டி, இருக்கை மெத்தையை முழுசாக மாற்ற வேண்டும் என்று 20,000 ரூபாயைத் தாண்டிய மதிப்பீட்டைக் கொடுத்தார்கள். மெத்தையோடு ஒட்டிய சென்சாரைத் தனியாகத் தருவதில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். சில நிறுவனங்களின் உதிரிபாகப் பட்டியல் அப்படித்தான் இருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் குறை, மாற்றச் சொன்னவர்கள் இருக்கைக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை என்பதே. ஸ்கேனரில் வரும் வரி எந்தச் சுற்றில் கோளாறு என்பதைத்தான் சொல்கிறது. அந்தச் சுற்றில் சென்சார், அதன் ஒயர், இருக்கைக்கு அடியில் இருக்கும் கனெக்டர், தரையோடு ஓடும் ஒயர்க்கட்டு, பெட்டியின் முனை என்று எத்தனையோ இருக்கின்றன. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, விலை கூடிய பாகத்தில் கைவைப்பது கண்டுபிடிப்பு ஆகாது.

இன்னொருவர், கனெக்டரைக் கழற்றிவிட்டு அதில் காலி இருக்கையின் மின்தடையையே காட்டும் சிறு பாகமான ரெசிஸ்டரைச் செருகிவிட்டால் விளக்கும் மணியும் ஒரேயடியாக ஓய்ந்துவிடும் என்றார். ஓயும் என்பது உண்மைதான். இருக்கை எப்போதும் காலி என்று வண்டி நம்பிக்கொண்டிருக்கும். ஆள் உட்கார்ந்து பெல்ட் மாட்டாவிட்டாலும் மணி அடிக்காது. அந்தச் சென்சாரை வைத்தே பயணி ஏர்பேக் விரிய வேண்டுமா என்று முடிவெடுக்கும் கார்களில் இதைச் செய்தால், உயிர் காக்கும் பையை நாமே நிறுத்திவைத்தது போலாகும். பெல்ட் கொக்கியில் செருகி மணியை ஏமாற்றும் கிளிப்புகளும் இதே வகைதான். அவற்றை விற்பனைப் பட்டியலிலிருந்து நீக்குமாறு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதத்தில் ஐந்து பெரிய இணைய வணிக நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. இத்தகைய வேலைகளை நீடாமங்கலத்துப் பட்டறை எந்தக் காசுக்கும் செய்வதில்லை. நான் அங்கே இருந்தபோதே ஒருவர் வந்து மணியை மட்டும் நிறுத்திக் கொடுக்கச் சொல்லிக் கேட்க, ‘அண்ணே, ஏன் அடிக்குதுன்னு பாத்துத் தர்றேன், அடிக்காம மட்டும் பண்ணித் தர மாட்டேன்’ என்று பட்டறைக்காரர் முகம் கோணாமல் சொல்லி அனுப்பினார். அந்த ஒரு பதிலுக்காகவே என் வண்டியை அவரிடம் விடலாம் என்று தோன்றியது.

என்னிடம் அவர் முதலில் கேட்டவை கேள்விகள்தான், வண்டியைத் தொடவில்லை. இருக்கை உறை எப்போது மாற்றியது, உறையின் கீழே கூடுதல் மெத்தை ஏதேனும் வைத்திருக்கிறதா, இருக்கையில் தண்ணீரோ குழம்போ கொட்டியதுண்டா, இருக்கைக்கு அடியில் குடையோ பாட்டிலோ போட்டுவைப்பது வழக்கமா, எலி வந்த தடம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் காரணமும் சொன்னார். இறுக்கித் தைத்த ரெக்சின் உறை படலத்தை எந்நேரமும் அழுத்திக்கொண்டிருக்கலாம். இருக்கையை முன்னும் பின்னும் தள்ளும்போது கீழே கிடக்கும் பொருள் ஒயரை இழுத்துவிடலாம். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் வீட்டுப் பக்கம் வரும்போது, நிறுத்தியிருக்கும் வண்டியின் ஒயர்கள்தான் முதலில் கடிபடுகின்றன என்றார். இவை எதற்கும் எங்கள் வண்டியில் இடமில்லை. அதன்பின் அவர் கேட்ட கேள்விதான் முடிச்சை அவிழ்த்தது: ‘சார், காலையில கிட்டக்க எங்கேயாவது போயிட்டு வந்தா அடிக்குதா, இல்ல ஏசி போட்டுக்கிட்டு தூரம் போனாத்தானா?’ யோசித்துப் பார்த்தபோது, உள்ளூரில் கடைத்தெருவுக்குப் போய்வரும்போது மணி அடித்ததே இல்லை என்பதும், நாகப்பட்டினம் போன்ற தொலைவான ஊர்களுக்கு ஏசியோடு போகும்போதுதான் அடித்தது என்பதும் எனக்கே அப்போதுதான் உறைத்தது.

பிறகு ஸ்கேனரை மாட்டினார். இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் கருவிகள் பெரும்பாலும் என்ஜின் சார்ந்த ‘பி’ வரிசைப் பழுதுக் குறியீடுகளை மட்டுமே படிக்கும். ஏர்பேக் பெட்டிக்குள் அவை நுழைவதில்லை. இவரிடம் இருப்பது வண்டியின் எல்லாக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளோடும் பேசும் வகைக் கருவி. பதிந்திருந்த குறியீட்டைப் படித்ததோடு நிறுத்தாமல், நேரடித் தரவு என்ற பக்கத்துக்குப் போய், பெட்டி அந்த நொடியில் இருக்கையைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதைத் திறந்துவைத்தார். காலியாக இருந்த இருக்கைக்கு ‘காலி’ என்றே காட்டியது. பட்டறைப் பையனை உட்காரச் சொன்னார். ‘ஆள் உண்டு’ என்று மாறியது. எழுந்ததும் ‘காலி’. சென்சார் செத்திருந்தால் இந்த மாற்றம் வந்திருக்காது. கோளாறு இப்போது இல்லை. ஏதோ ஒரு சூழ்நிலையில்தான் வருகிறது. அந்தச் சூழ்நிலையை இங்கேயே உருவாக்கிப் பார்க்க வேண்டும் என்றார். வந்துபோகும் பழுதைத் தேடுவதில் இதைவிடச் சரியான வழி எனக்குத் தெரியவில்லை.

என்ஜினை ஓடவிட்டு ஏசியை முழுவேகத்தில் வைத்துவிட்டு, அவர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். நம் டெல்டாவின் புழுக்கத்தில் ஏசி ஓடும் காருக்கு அடியில் சிறிது நேரத்தில் தண்ணீர் சொட்ட வேண்டும். காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் மேல் படியும் ஈரம் நீராகி, ஒரு சிறு ரப்பர்க் குழாய் வழியாக வெளியே வடிவதுதான் முறை. எங்கள் வண்டிக்கு அடியில் தரை காய்ந்தே கிடந்தது. அவர் இடதுபக்கக் கதவோரத்துப் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி, கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அதன் கீழே இருக்கும் தடித்த பஞ்சுக்குள் என் கையையே வைத்துப் பார்க்கச் சொன்னார். மேலே தொட்டால் உலர்ந்திருந்த கார்பெட்டின் அடியில், பஞ்சு தண்ணீரில் ஊறி, அழுத்திய இடத்தில் விரல்களுக்கிடையே வழிந்தது. அவர் அதை முகர்ந்து, விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். இனிப்பு வாடையும் பிசுபிசுப்பும் இருந்தால் அது ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட். எதுவுமற்ற வெறும் தண்ணீர் என்றால் ஏசித் தண்ணீர் என்று விளக்கினார். எங்களுடையது வெறும் தண்ணீர்.

அதற்குள் ஸ்கேனர்த் திரையில், யாரும் உட்காராத இருக்கை ‘ஆள் உண்டு’ என்று மாறியிருந்தது.

இனி செய்த வேலையில் அவர் காட்டிய நிதானத்தை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். இருக்கைக்கு அடியில் கைவிடுவதற்கு முன் சாவியை எடுத்தார். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினார். பெட்டிக்குள் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிய வேண்டும் என்று சில நிமிடங்கள் வேறு வேலையே பார்க்காமல் காத்திருந்தார். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர்கள் இருந்தால் அவை பக்கவாட்டு ஏர்பேக்குக்கோ, மோதலின்போது பெல்ட்டை இறுக்கும் கருவிக்கோ உரியவை. அவற்றில் வெடிமருந்துத் திரி இருக்கிறது. மல்டிமீட்டரை அவற்றின்மேல் வைத்தால், மீட்டர் அளப்பதற்காகச் செலுத்தும் சிறு மின்சாரமே ஆபத்தாகலாம் என்பதால் எந்த வண்டி நிறுவனமும் அதை அனுமதிப்பதில்லை. அவர் மஞ்சள் கனெக்டரை ஒரு துணியால் சுற்றி ஒதுக்கிவைத்துவிட்டு, சென்சாரின் கனெக்டரை மட்டும் கழற்றி, இருக்கையின் பக்கத்து முனையில் மீட்டரை வைத்தார். காலி இருக்கையில் 400 ஓமைச் சற்றுத் தாண்டிய அளவு காட்டியது. ஆள் உட்கார்ந்ததும் 100-ஐ ஒட்டி இறங்கியது. எழுந்ததும் பழைய அளவுக்குத் திரும்பியது. மெத்தையின் ஓரங்களிலும் நடுவிலும் முழங்காலை ஊன்றிப் பல இடங்களில் சோதித்தும் அதே ஒழுங்கு. இந்த எண்கள் எங்கள் காரின் வகைக்கு உரியவை. வேறு கார்களில் வேறு அளவுகள் இருக்கும் என்பதையும், அந்தந்த வண்டியின் கையேட்டைப் பார்க்காமல் எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதையும் அவரே சொன்னார்.

ஆகவே சென்சார் நலமாக இருந்தது. பழுது, கழற்றிய கனெக்டரின் மறுபாதியில், அதாவது தரைப்பக்கத்து ஒயர்க்கட்டின் முனையில் இருந்தது. அதை அவர் டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். இரண்டு பின்களில் ஒன்று மங்கிய பித்தளை நிறத்தில் இருக்க, மற்றொன்றின் அடியிலிருந்து பச்சைக் களிம்பு பூத்து, பிளாஸ்டிக் சுவரோடு பக்கத்துப் பின்னை நோக்கி நீண்டிருந்தது. ஏசித் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் காலடிப் பள்ளத்தில் தேங்கியிருக்கிறது. வண்டி வேகமெடுக்கும்போதெல்லாம் அது பின்னோக்கி நகர்ந்து, இருக்கைக்கு அடியில் கார்பெட் பிளவு வழியாக மேலேறும் ஒயர்க்கட்டை நனைத்திருக்கிறது. ஈரமாக இருக்கும்போது களிம்பின் வழியே இரு பின்களுக்கும் இடையே மின்சாரம் கசிய, மின்தடை குறைந்து, ஆள் உட்கார்ந்ததாகப் பெட்டி எண்ணியிருக்கிறது. காயும்போது களிம்பே தடையாகி அளவு வரம்பை மீறிப்போக, ஏர்பேக் விளக்கு எரிந்திருக்கிறது. இரண்டு அறிகுறிகளுக்கும் ஒரே காரணம். புதிய மெத்தையை 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து மாற்றியிருந்தால், அதே களிம்பு பிடித்த கனெக்டரில்தான் அதையும் மாட்டியிருப்பார்கள். அடுத்த நீண்ட பயணத்திலேயே மணி மறுபடி அடித்திருக்கும்.

சரிசெய்த விதமும் என்னை நிறைவுசெய்தது. களிம்பைச் சுரண்டிவிட்டு மாட்டிக் கொடுப்பது எளிது. அப்படிச் செய்தால் மேல்முலாம் போய்விட்ட அந்தப் பின்னில் சீக்கிரமே திரும்பவும் களிம்பு பூக்கும் என்று சொல்லி, அந்தச் சென்சாருக்கு உரிய இரண்டு ஒயர்களிலும் கறுத்துப்போன செம்பு முடிந்து பளிச்சென்ற செம்பு வரும் இடம்வரை வெட்டி, புதிய கனெக்டர் கூடும் புதிய பின்களும் போட்டு, அதற்கான இடுக்கியால் அழுத்தி, சூட்டில் சுருங்கும் குழாயைப் போர்த்தினார். இரண்டு ஒயர்களின் இணைப்பும் ஒரே இடத்தில் அமையாமல் முன்பின்னாக வைத்தார். முறுக்கிவிட்டுக் கறுப்பு டேப் சுற்றும் வேலை அங்கே இல்லை. கனெக்டர் இனித் தரையில் படாதபடி இருக்கையின் சட்டத்தில் சற்று உயர்த்திக் கட்டினார். ஏர்பேக் திரிகளுக்குப் போகும் மஞ்சள் உறையிட்ட ஒயரில் இப்படிக் களிம்பு பிடித்திருந்தால் தாம் வெட்டி ஒட்ட மாட்டோம் என்றும், நிறுவனத்திலிருந்து அதற்கான முழு ஒயர்க்கட்டை வாங்கி மாற்றச் சொல்லி அனுப்பிவிடுவோம் என்றும் சொன்னார். தன் கைக்கு எல்லை எது என்று தெரிந்த தொழிலாளியின் பேச்சு அது.

பிறகு குழிக்குள் இறங்கி ஏசியின் வடிகுழாயைக் கண்டுபிடித்து, முனையைக் கழற்றினார். நெல் பதரும் வைக்கோல் தூசியும் சாலைப் புழுதியும் ஈரத்தில் குழைந்து, விரல் கனத்துக்கு ஓர் அடைப்பாக விழுந்தன. பின்னாலேயே தேங்கியிருந்த தண்ணீர் கொட்டியது. அறுவடைக் காலத்தில் கதிர் அறுக்கும் இயந்திரங்களின் பின்னாலும், சாலையில் நெல் காயப்போட்ட இடங்களிலும் நாம் ஓட்டுகிறோம். அந்தத் தூசியை ஏசி உள்ளிழுக்கிறது. வடிகட்டியில் நிற்பது போக மீதி கூலிங் காயிலில் ஒட்டி, தண்ணீரோடு குழாய்க்கு வந்து சேர்கிறது. எங்கள் வண்டியின் ஏசி வடிகட்டியை வெளியே எடுத்துக் காட்டியபோது அது சாம்பல் நிறத்தில் முழுதும் அடைந்திருந்தது. அதையும் மாற்றச் சொன்னேன். ஊறிய பஞ்சைக் கழற்றி வெளியே வெயிலில் போட்டு நன்றாகக் காயவைத்த பிறகே கார்பெட்டை விரித்தார்கள். இதற்காக வண்டியை அங்கேயே விட்டுவர நேர்ந்தது. ஈரத்தோடு மூடிக் கொடுத்திருந்தால் அன்றே எடுத்து வந்திருக்கலாம். ஆனால் தரைத் தகடு துருப்பிடிக்கவும் உள்ளே பூஞ்சை வாடை ஏறவும் அதுவே போதும்.

முடித்ததும் குறியீட்டை அழித்து, ஏசியை ஓடவிட்டு, வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துவிட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு மன்னார்குடி வரை போய்வந்து, மறுபடி ஸ்கேன் செய்து குறியீடு திரும்ப வரவில்லை என்று காட்டியபின்தான் சாவியைக் கொடுத்தார். அதற்குப் பின் ஏசியோடு பல நீண்ட பயணங்கள் போய்விட்டோம். மணியும் இல்லை, விளக்கும் இல்லை. கண்டுபிடிக்கும் கட்டணமாக 600 ரூபாய் என்று முதலில் சொன்னதையே வாங்கினார். கனெக்டர், குழாய் சுத்தம், கார்பெட் வேலை, வடிகட்டி எல்லாம் சேர்த்து மொத்தம் 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. கண்டுபிடிக்கும் கட்டணத்தைச் சிலர் வீண்செலவாக நினைத்து, ‘பாக்குறதுக்கே காசா?’ என்று திரும்பிப் போய்விடுவதாகச் சொன்னார். பார்ப்பதற்குக் காசு தராவிட்டால், பாகம் விற்றால்தான் பட்டறைக்கு வருமானம் என்றாகிவிடும். அப்போது தேவையில்லாத பாகம் மாறுவதற்கு நாமே வழிசெய்து கொடுத்தவர்கள் ஆவோம். பார்க்கும் வேலைக்குக் கூலி கொடுப்பதுதான் மலிவு என்பது என் உறுதியான கருத்து.

குறைகளும் உண்டு. காத்திருப்பவர்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தவிர வேறு வசதி இல்லை. பெண்களையோ முதியவர்களையோ அழைத்துக்கொண்டு போவது நல்லதன்று. தொலைபேசியை எடுப்பதே அபூர்வம்; நேரில் போய்த்தான் முறை வாங்க வேண்டும். கேட்டால்தான் ரசீது எழுதித் தருகிறார்கள். அதுவும் வேலையை விவரிக்காமல் மொத்தத் தொகையை மட்டும் குறிக்கும் ரசீது. இவ்வளவு ஒழுங்காக அளந்து பார்ப்பவர், அளந்த எண்களையும் மாற்றிய பாகங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், பின்னாளில் வேறு பட்டறைக்குப் போக நேர்ந்தால் எவ்வளவு உதவியாக இருக்கும் என்று அவரிடமே சொன்னேன், செய்வதாகச் சொல்லியிருக்கிறார். விலையுயர்ந்த சில ஐரோப்பியக் கார்களின் பெட்டிகளுக்குள் அவருடைய ஸ்கேனரால் நுழைய முடியாது; அதை வாசலிலேயே சொல்லிவிடுகிறார் என்பதால் ஏமாற்றம் இல்லை.

யார் போகலாம், யார் போக வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். வாரண்டிக் காலத்தில் இருக்கும் வண்டியை இங்கே கொண்டுவராதீர்கள். வெளியில் ஒயரை வெட்டிச் சேர்த்தால் நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட மையத்துக்கே போய், கனெக்டரையும் கார்பெட்டின் அடிப்பகுதியையும் பார்த்தீர்களா, காலி இருக்கையிலும் ஆள் உட்கார்ந்தபோதும் மின்தடை என்ன காட்டியது என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பதில் இல்லை என்றால் பாகம் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டுச் சந்தைக்கான கார்களிலும் சில உயர்விலைக் கார்களிலும் இருக்கும் சென்சார்கள் வேறு வகை. சிலவற்றில் மெத்தைக்கு அடியில் சிலிகோன் கூழ் நிரப்பிய பையும் அதன் அழுத்தத்தை அளக்கும் கருவியும் இருக்கும். சிலவற்றில் இருக்கையின் நான்கு கால்களிலும் எடையளக்கும் கருவி இருக்கும். அமர்ந்திருப்பவர் பெரியவரா குழந்தையா என்று பிரித்தறிந்து ஏர்பேக்கை நிறுத்திவைக்கும் பொறுப்பு அவற்றுக்கு உண்டு. அப்படிப்பட்ட இருக்கையைக் கழற்றி மாட்டினாலே, காலி இருக்கையை வைத்துப் பூஜ்ஜிய அளவை ஸ்கேனர் மூலம் புதிதாகப் பதிய வேண்டியிருக்கும். கூழ்ப்பை வகையில் பை, நுரை, கருவி, பெட்டி எல்லாம் ஒன்றாக அளவுசெய்யப்பட்ட ஒரே தொகுப்பாகத்தான் மாற்ற முடியும். ஒன்றை மட்டும் மாற்றினால் அளவு பிசகும். இவ்வகை வண்டிகளை இந்தப் பட்டறைக்காரர் எடுத்துக்கொள்வதில்லை.

மற்றபடி, வாரண்டி முடிந்த சாதாரண கார் வைத்திருந்து, ஏர்பேக் விளக்கோ காலி இருக்கைக்கு மணியோ தொல்லை கொடுக்கும் டெல்டாக்காரர்கள் தயங்காமல் இங்கே போகலாம். காலையில் சீக்கிரமே போய்விடுவது நல்லது. நீடாமங்கலம் ரயில்வே கேட் வழியாக வருபவர்கள் அங்கே நிற்கும் நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். போகும் முன் இருக்கை உறையைக் கழற்றிவிட்டு, இருக்கைக்கு அடியில் கிடப்பவற்றையெல்லாம் எடுத்துவிட்டுப் போங்கள். மணி எப்போது அடிக்கிறது, ஏசி ஓடியதா, மழையில் நின்றதா என்று சில நாட்கள் குறித்துக்கொண்டு போனால் வேலை பாதியாகும். பட்டறைக்கே போகத் தேவையில்லாதவர்களும் ஒன்று செய்யலாம். ஏசியைப் போட்டு வண்டியை நிறுத்திவைத்து, அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். வெகுநேரமாகியும் சொட்டவில்லை என்றால், ஐப்பசி மழைக்கு முன்பே வடிகுழாயைச் சுத்தம் செய்யச் சொல்லிவிடுங்கள்.